இணைமோனோமர் படிகத்துக்குள் நுழைகிறதா, வெளியே நிற்கிறதா: கண்டறியும் வழி

பாலிஎத்திலீனிலோ பாலிபுரொப்பிலீனிலோ சிறிதளவு வேறொரு மோனோமரை (சங்கிலியாகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறை; இப்படிக் கூடுதலாகச் சேர்வதே இணைமோனோமர்) சேர்த்தாலே உருகுநிலை, அடர்த்தி, விறைப்பு, ஒளிபுகும் தன்மை ஆகிய அனைத்தும் மாறிவிடுகின்றன. இந்த மாற்றங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, புதிதாக வந்த அலகு படிகத்துக்குள், அதாவது சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பகுதிக்குள், இடம் பெறுகிறதா அல்லது வெளியே தள்ளப்படுகிறதா என்ற ஒரு கேள்விக்கு முதலில் விடை காண்பது நல்லது. மற்ற விளைவுகளில் பெரும்பாலானவை அந்த விடையிலிருந்தே புரிந்துவிடும்.

தொடக்கமாக, இணைமோனோமரின் அளவை எடைச் சதவீதத்திலிருந்து மோல் சதவீதத்துக்கு (மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் சதவீதம்) மாற்றிக்கொள்ள வேண்டும். எத்திலீனின் மூலக்கூறு எடை 28, 1-பியூட்டீனுடையது 56, 1-ஆக்டீனுடையது 112. ஆகவே எடையில் 10 சதவீதம் ஆக்டீன் என்பது ஏறத்தாழ 2.7 மோல் சதவீதம்தான். அதே எடை பியூட்டீன் என்றால் ஏறத்தாழ 5.3 மோல் சதவீதம். ஒவ்வோர் இணைமோனோமரும் சங்கிலியில் ஒரு பக்கக் கிளையைத் தருவதால், பியூட்டீனில் கிளைகளின் எண்ணிக்கை இரு மடங்காகிறது; எனவே, எடைக்கு எடை வைத்து இரண்டையும் ஒப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். உண்மையான அளவை அறியக் கார்பன்-13 என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) சோதனையே நம்பத்தக்கது.

அடுத்து, இரு கிளைகளுக்கு இடையே தடையின்றி ஓடும் சங்கிலியின் நீளத்தைக் கணக்கிட வேண்டும். பாலிஎத்திலீன் படிகத்தில் ஓர் எத்திலீன் அலகு சங்கிலித் திசையில் 2.54 ஆங்ஸ்ட்ராம் நீளம் கொள்கிறது. கிளைகள் முற்றிலும் தற்செயலாகப் பரவியிருப்பதாகக் கொண்டால், மேலே சொன்ன ஆக்டீன் மாதிரியில் சராசரியாக 36 அலகுகள், அதாவது ஏறக்குறைய 9 நானோமீட்டர் ஓட்டம் கிடைக்கும். பியூட்டீன் மாதிரியில் அது 4.6 நானோமீட்டராகச் சுருங்கும். ஆக்டீன் தரும் ஹெக்சைல் கிளை (ஆறு கார்பன் கொண்டது) படிகத்தின் ஒழுங்கான அடுக்காகிய அணிக்கோவைக்குள் அடங்காத அளவுக்குப் பெரியது என்பதால், படிகத் தகட்டின் தடிமன் பெரும்பாலும் இந்த ஓட்டத்தின் நீளத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. தகடு மெலிந்தால் உருகுநிலை இறங்கும். மாறாக, புரொப்பிலீன் தரும் மெத்தில் கிளை சிறியதாகையால் ஓரளவு உள்ளே நுழைந்து, செஞ்சாய்சதுர அலகுக்கூட்டை (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு கட்டத்தை) விரியச் செய்கிறது.

இந்த விரிவை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் நேரடியாகப் பார்க்கலாம். தாமிரக் கதிரைப் பயன்படுத்தினால், பாலிஎத்திலீனின் 110 உச்சி (எண்கள் படிகத் தளங்களின் பெயர்கள்) 21.5 டிகிரிக் கோணத்துக்கு (2θ) அருகிலும் 200 உச்சி 24 டிகிரிக்கு அருகிலும் தோன்றும். கூடு விரியும்போது 200 உச்சியே அதிகமாகக் குறைந்த கோணத்தை நோக்கி நகரும்; ஆகவே அதன் மீது கண் வைத்திருங்கள். ஆனால் வேகமாகக் குளிர்வித்த மாதிரியில் குறைபாடுகள் கூடுதலாகச் சிக்கிக்கொள்ளும் என்பதால், ஒப்பிடும் மாதிரிகள் அனைத்தும் ஒரே வேகத்தில் குளிர்ந்தவையாக இருப்பது கட்டாயம்.

மாதிரி உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. சோதனைக்கு 5 முதல் 10 மில்லிகிராம் மாதிரியை நைட்ரஜன் சூழலில் 180 டிகிரி செல்சியஸ் வரை உருக்கிச் சில நிமிடங்கள் வைத்து, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் குளிர்வித்து, அதே வேகத்தில் மீண்டும் சூடாக்க வேண்டும். இரண்டாம் சூடாக்கத்தில் கிடைக்கும் உருகு வெப்பத்தை, முழுப் படிகத்துக்கான மதிப்பாகிய 293 ஜூல்/கிராமால் வகுத்தால் பாலிஎத்திலீனின் படிகத்தன்மை கிடைக்கும். கிளைகள் மிகுந்த மாதிரிகள் அறை வெப்பநிலைக்கு அருகிலேயே உருகத் தொடங்குவதால், அடிக்கோட்டைத் தாழ்ந்த வெப்பநிலையிலிருந்தே வரைய வேண்டும். இதை விட்டுவிட்டால் படிகத்தன்மை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். உச்சியின் வெப்பநிலையை மட்டும் நம்புவதும் போதாது. சீக்லர்-நாட்டா வினையூக்கியில் கிளைகள் சங்கிலிக்குச் சங்கிலி சமமின்றிப் பரவுவதால், கிளைகள் குறைந்த சங்கிலிகள் 120 டிகிரிக்கு மேலும் உருகி நின்று சராசரியை மறைத்துவிடும்; மெட்டலோசீன் வினையூக்கியில் பரவல் சீராக இருப்பதால் உச்சி கீழே இறங்கிவிடும்.

பாலிபுரொப்பிலீனில் கேள்வி இன்னும் சுவையானது, ஏனெனில் அங்கே படிக வடிவமே மாறுகிறது. சிறிதளவு எத்திலீன் ஒழுங்கான ஓட்டங்களைத் துண்டாக்கும்போது, வழக்கமான ஒற்றைச்சரிவு ஆல்பா வடிவத்துடன் காமா வடிவமும் உருவாகிறது. மெதுவாகக் குளிர்வித்தால் அதன் பங்கு கூடும். அதே எக்ஸ் கதிர் சோதனையில் 18.5 டிகிரிக் கோணத்தில் வரும் உச்சி ஆல்பாவையும், 20 டிகிரிக்குச் சற்று மேலே வருவது காமாவையும் காட்டுகின்றன. இரண்டின் உயரங்களையும் ஒப்பிட்டாலே விகிதம் தோராயமாகத் தெரிந்துவிடும்.

இணைமோனோமர் என்றாலே படிகத்தன்மை குலையும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஹைட்ராக்சிபியூட்டிரேட்டும் ஹைட்ராக்சிவேலரேட்டும் சேர்ந்த பாலியஸ்டரில் இரண்டு அலகுகளும் ஒன்றன் அணிக்கோவையில் மற்றொன்று இடம் பிடிப்பதால், கலவை விகிதம் எதுவாயினும் படிகத்தன்மை பெரிதாகக் குறைவதில்லை. ஏறத்தாழ 40 மோல் சதவீத வேலரேட்டில் உருகுநிலை மிகத் தாழ்ந்து, அதற்கு மேல் வேலரேட்டின் அணிக்கோவை முன்னிலை பெறுகிறது. பாலிவினைலிடீன் புளோரைடு உருகிய நிலையிலிருந்து குளிரும்போது சாதாரணமாக முனைவற்ற (மின்முனைவுகள் ஒன்றையொன்று ஈடுகட்டும்) ஆல்பா வடிவத்தையே அடையும். டிரைபுளோரோஎத்திலீனைப் போதிய அளவு சேர்த்தால், அது நேரடியாகவே முனைவுள்ள பீட்டா வடிவில் படிகமாகிறது.