ஒரு பக்கம் விளங்காத நோயாளியைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது எப்படி?

ஸ்கேன், எக்ஸ்ரே, டயாலிசிஸ் என்று எந்தப் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்தாலும் முதல் வாரமே இந்த வேலை வந்துவிடும். கை கழுவுவது, கைப்பட்டையில் பெயரைச் சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராகக் கட்டிலுக்கு வருவோம்.

முதலில் சிஸ்டரிடம் இரண்டு கேள்வி: இவரை இறக்கலாமா, எந்தப் பக்கம் பலவீனம்? ஒரு காலாவது ஊன்றி எடையைத் தாங்கினால்தான் இந்த முறை. இரண்டு காலும் தாங்காதவரைத் தனியாளாகத் தூக்கக் கூடாது.

அடுத்து குழாய்கள். ட்ரிப் பாட்டில், ஆக்சிஜன், யூரின் பேக் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். யூரின் பேக் பெரும்பாலும் கட்டிலின் மறுபக்கக் கம்பியில், போர்வைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை மறந்து நோயாளியை எழுப்பினால் குழாய் இழுபட்டு ரத்தம் வரும். பேக்கை வீல்சேரின் கீழ்ச்சட்டத்தில் மாட்டுங்கள். மூத்திரப்பைக்குக் கீழேயும் இருக்க வேண்டும், தரையையும் தொடக் கூடாது. மடியில் வைத்தால் சிறுநீர் திரும்பி உள்ளே போகும்.

இனி, புதிதாக வருபவர்கள் எல்லோரும் குழம்பும் இடம்: வீல்சேரை எங்கே போடுவது?

நோயாளி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபின் அவருடைய நல்ல கை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம். படுத்திருக்கும்போது கணக்குப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். உதாரணமாக ஒருவருக்கு வலப்பக்கம் பலவீனம். படுத்திருக்கும் அவருடைய இடப்பக்கமாக இறக்கி உட்காரவைத்தால், அவருடைய இடக்கை தலைமாட்டுப் பக்கம் இருக்கும், வீல்சேரும் அங்கேதான். தலைமாட்டில் லாக்கர் இடைஞ்சலாக நின்றால் முதலில் அதை நகர்த்துங்கள். நாற்காலி கால்மாட்டைப் பார்த்து, கட்டிலோடு 30 முதல் 45 பாகை சாய்வாக நிற்கட்டும். இரண்டு பிரேக்கையும் போட்டு, ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். ஃபுட்ரெஸ்ட்டை மடக்கிவிடுங்கள், வயதானவர்களின் கெண்டைக்கால் தோல் அதில் பட்டாலே கிழியும். கட்டிலுக்கும் பிரேக் உண்டு!

உட்காரவைத்த உடனே எழுப்பாதீர்கள். ஓரிரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு, பேச்சுக் கொடுங்கள். முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, தலை சுற்றுகிறது என்றாலோ மறுபடி படுக்கவைத்துச் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20 அல்லது கீழ் பிரஷர் 10 இறங்குவதைத்தான் நிலைமாற்றத் தாழ்வழுத்தம் என்பார்கள். பல நாள் படுத்தே கிடந்தவர்களுக்கு இது சகஜம்.

பிடிப்பதற்கு, நோயாளியின் இடுப்பில் கட்டும் டிரான்ஸ்ஃபர் பெல்ட்தான் சரி. அதிலும் பக்கிள் வைத்தது. வெல்க்ரோ பழசானால் பிடிக்காது. வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவருக்குக் கேட்காமல் கட்டாதீர்கள். லுங்கி முடிச்சைப் பிடித்துத் தூக்குவதை இன்னும் வார்டுகளில் பார்க்கிறேன். எழுந்த கையோடு அது அவிழும், அப்புறம் அவர் மானத்தைப் பார்ப்பாரா, காலை ஊன்றுவாரா? விளங்காத கையை இழுப்பது அதைவிட மோசம், தோள்மூட்டு நழுவிவிடும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடாதீர்கள்.

அவர் காலில் வழுக்காத செருப்பு, பாதங்கள் தரையில். உங்கள் முட்டியால் அவருடைய பலவீனமான முட்டிக்கு அணை கொடுங்கள். “ஐயா, மூணு சொன்னதும் முன்னாடி குனிஞ்சு எழுந்திரிங்க.” நல்ல கையால் மெத்தையை அழுத்தி எழுவார், பிறகு அதே கையால் நாற்காலியின் தூரத்துக் கைப்பிடியைப் பிடிப்பார். இடுப்பை முறுக்காமல், சின்னச் சின்ன அடியாக வைத்து நீங்களும் கூடத் திரும்புங்கள். அவர் காலின் பின்புறம் இருக்கையைத் தொட்டபிறகே உட்காரச் சொல்லுங்கள்.

நடுவில் கால் மடங்கினால் தூக்கி நிறுத்தப் போராட வேண்டாம். உங்கள் தொடையோடு சாய்த்து மெல்லத் தரையில் இறக்குங்கள், தலை இடிக்காமல். சிஸ்டர் வந்து பார்க்கும்வரை எழுப்பக் கூடாது.

பின்சேர்க்கை: “இறக்குவது சுலபம், திரும்பக் கட்டிலில் ஏற்றத்தான் முடியவில்லை” என்று பின்னூட்டத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். நாற்காலியைப் பழைய இடத்திலேயே நிறுத்தியிருப்பீர்கள். அப்போது கட்டில் அவருடைய விளங்காத பக்கம் வந்துவிடும். இறங்கும்போது கால்மாட்டைப் பார்த்து நின்ற நாற்காலி, ஏறும்போது தலைமாட்டைப் பார்த்து நிற்க வேண்டும். யூரின் பேக்கை இந்த முறையும் முதலில் கழற்றுங்கள்.