மறதி நோய் ஆய்வுகளில் கோஆர்டினேட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிமென்ஷியா, பார்க்கின்சன் மருந்து ஆய்வுகளுக்கு (ட்ரையல்) புதிதாக வரும் சி.ஆர்.சி.க்களை, அதாவது ஆய்வு வேலையை ஒருங்கிணைக்கும் கோஆர்டினேட்டர்களைப் பார்க்கிறேன். எங்கள் பேட்ச் எங்கெல்லாம் கோட்டைவிட்டதோ, அங்கேயேதான் இவர்களும் விடுகிறார்கள். ஒயிட்னர் தொடாதே, தேதியை முன்பின் போடாதே, பழைய வெர்ஷன் ஒப்புதல் படிவத்தில் (ஐ.சி.எஃப்.) கையெழுத்து வாங்காதே என்பதையெல்லாம் ஆய்வு நெறிமுறை (ஜி.சி.பி.) வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. சர்க்கரை நோய், புற்றுநோய் ஆய்வுகளில் நன்றாக வேலை பார்த்துவிட்டு நியூராலஜிக்கு வருபவர்கள் இடறும் இடங்கள் வேறு.

கூட வந்தவரெல்லாம் ஸ்டடி பார்ட்னர் இல்லை

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. ஸ்டடி பார்ட்னர் என்பவர் நோயாளியோடு நெருங்கிப் பழகி, அவர் நிலையை ஆய்வுக்குச் சொல்லும் வீட்டு மனிதர்.

சர்க்கரை நோய் ட்ரையலில் எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தச் சர்க்கரை அளவை லேப் சொல்லிவிடும். நோயாளியை யார் அழைத்து வந்தாலும் அந்த எண் மாறாது. அல்சைமர் ட்ரையல் அப்படி இல்லை. பல ஆய்வுகளில் பிரதான அளவீடு சி.டி.ஆர். என்ற டிமென்ஷியா மதிப்பீடு; அதில் பாதி விவரம் வீட்டு மனிதர் வாயிலிருந்து வருகிறது. போன வாரம் வீட்டில் என்ன நடந்தது, போன மாதம் என்ன விசேஷம் என்று ஸ்கோர் போடும் ரேட்டர் முதலில் பார்ட்னரைத் தனியாகக் கேட்பார். பிறகு அதையே நோயாளியிடம் கேட்டு ஒப்பிடுவார். நினைவு, இடம்-காலம் அறிதல், முடிவெடுத்தல், வெளி விவகாரம், வீட்டு வேலை, தன்னைப் பார்த்துக்கொள்ளுதல் என ஆறு பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3, மொத்தம் 18. ஸ்கோர் கூடக் கூட நோய் மோசம்.

இனி இந்தக் கணக்கைப் பாருங்கள். 2023 ஜூலையில் அமெரிக்கா லெக்கனமாப் என்ற அல்சைமர் மருந்துக்கு முழு அனுமதி கொடுத்தது 1,795 பேரை வைத்துச் செய்த ஆய்வின் பேரில். 18 மாத முடிவில் ப்ளாசிபோ (மருந்தில்லாத போலி மருந்து) எடுத்தவர்களின் ஸ்கோர் 1.66 கூடியது, மருந்து எடுத்தவர்களுக்கு 1.21. வித்தியாசம் 0.45. அவ்வளவுதான். அத்தனை பேர் உழைப்பும் அந்த அரைப் புள்ளிக்குள் அடக்கம்.

ஒரு மையத்தில் நடந்தது. எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஆசிரியர். மருந்து தொடங்கும் முன் எடுக்கும் முதல் அளவீட்டுக்கு (பேஸ்லைன்) மூத்த மகன் அழைத்து வந்தார். "அப்பா தானே குளிச்சுப்பாரு, தானே டிரஸ் மாத்திப்பாரு, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். தன்னைப் பார்த்துக்கொள்ளும் பெட்டியில் 0 விழுந்தது. ஆறாவது மாத விசிட்டுக்கு இளைய மகன் வந்தார். அப்பா இருப்பது இவர் வீட்டில்தான். "வெந்நீர் விளாவி வெச்சு, வேட்டி சட்டையைக் கையில கொடுத்து, 'போய்க் குளிங்கப்பா'ன்னு ரெண்டு தடவை சொன்னாத்தான் போவாரு. ரொம்ப நாளாவே இப்படித்தான்." சொல்லித்தான் செய்கிறார் என்றால் அங்கே 1. அந்தப் பெட்டியில் மட்டும் 0.5 என்பதே கிடையாது. அப்பாவுக்கு நோய் கூடவில்லை, பேசிய மகன்தான் வேறு. ஸ்கோரோ ஒரே பெட்டியில் முழுப் புள்ளி ஏறிவிட்டது.

மையத்தின் மூலப் பதிவில் (சோர்ஸ்) இரண்டு விசிட்டுக்கும் "உடன் வந்தவர்: மகன்" என்று எழுதியிருந்தது. எந்த மகன்? பதிவுகளைச் சரிபார்க்க வரும் மானிட்டர்தான் கண்டுபிடித்தார். ஒரு கையெழுத்து தமிழில், இன்னொன்று ஆங்கிலத்தில். மருந்து ஆரம்பித்த பிறகு பேஸ்லைனைத் திரும்ப எடுக்க வழியில்லை. விதிமீறல் அறிக்கை (டீவியேஷன்) எழுதி எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பினார்கள். அந்த நோயாளியின் சி.டி.ஆர். என்ன சொல்கிறது என்று இனி யாராலும் தெளிவாகச் சொல்ல முடியாது. கேட்டால், "ஸ்கோர் போடுறது ரேட்டர் வேலைதானே சார்" என்கிறார் அங்கே கோஆர்டினேட்டராக இருந்த தம்பி. ரேட்டர் எதிரில் யாரை உட்கார வைப்பது என்பது யார் வேலை?

ஆய்வுக்குப் பொருந்துவாரா என்று பார்க்கும் ஸ்க்ரீனிங்குக்கு முன்பே ஃபோனில் கேளுங்கள்: மாத்திரை கையில் கொடுப்பது யார், ராத்திரி அதே வீட்டில் படுப்பது யார்? நம் வீடுகளில் பாதிக்கு மேல் பதில் மனைவி அல்லது மருமகள் என்றுதான் வரும். ஆஸ்பத்திரிக்கு வருவதோ கார் ஓட்டத் தெரிந்த மகன். மகனை வெளியே டீ குடிக்கச் சொல்லிவிட்டு மருமகளை உள்ளே அழையுங்கள். மாமனார் எதிரில் அவர் வாய் திறக்க மாட்டார், தனி அறை வேண்டும். பார்ட்னருக்கு வாரம் இத்தனை மணி நேரம் பழக்கம் இருக்க வேண்டும் என்று ஆய்வுத் திட்டத்தில் (ப்ரோட்டோகால்) குறைந்தபட்ச அளவு இருக்கும். அதற்கு நேரே டிக் மட்டும் அடிக்காமல், பெயர், உறவு, ஒரே வீடா, வாரம் எத்தனை மணி நேரம் என்று சோர்ஸில் எழுதுங்கள். ஒவ்வொரு விசிட்டிலும் அந்தப் பெயரோடு ஒத்துப்பாருங்கள். பார்ட்னருக்கென்று தனி ஒப்புதல் படிவம் இருந்தால் அதையும் வாங்குங்கள். அவர் பிரசவத்துக்கோ வெளியூர்க் கல்யாணத்துக்கோ போகிற மாதத்தில் விசிட் விழுந்தால், அனுமதித்த நாட்களுக்குள் (விண்டோ) தேதியைத் தள்ளுங்கள், ஆளை மாற்றாதீர்கள்.

வீட்டு வேலைப் பெட்டிக்கு ஒரு சங்கதி. வாழ்நாளில் அடுப்படிப் பக்கமே போகாத மனிதருக்கு "சமைக்கிறாரா" என்ற கேள்விக்கு "இல்லை" என்பது நோய் ஆகாது. முன்பு செய்தது எதை இப்போது விட்டார் என்பதே கணக்கு. இந்த விவரத்தைப் பார்ட்னர் யோசித்து வைத்துக்கொண்டு வர, முதல் நாளே சொல்லி வையுங்கள்.

கண்ணாடி, காது மெஷின்

வழக்கமாகப் போடுகிறவர் அவை இல்லாமல் வந்தால் எம்.எம்.எஸ்.இ. என்ற நினைவாற்றல் டெஸ்ட் எடுக்காதீர்கள்.

தினசரி காலண்டர்

டெஸ்ட் எடுக்கும் அறையில் மாட்டாதீர்கள். நாள், தேதி, மாதம் எல்லாம் சுவரிலேயே பதில்.

டிமென்ஷியா என்றதுமே மகனிடம் கையெழுத்து

நோயின் பெயரை வைத்து ஒருவரின் ஒப்புதல் உரிமையைப் பறிக்க முடியாது. ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் பலருக்கு ஆய்வு என்ன, அபாயம் என்ன என்பது நன்றாகவே புரியும். புரிகிறதா என்று ஆய்வை நடத்தும் டாக்டர் (பி.ஐ.) பேசிப் பார்த்து எழுத வேண்டும். புரிந்தால் அவரே கையெழுத்துப் போடுவார், முடியாதபோதுதான் அவர் சார்பில் கையெழுத்திடும் சட்டப்படியான பிரதிநிதி (எல்.ஏ.ஆர்.). படிக்கத் தெரியாதவருக்கு வேண்டியது இம்பார்ஷியல் விட்னஸ், அதாவது ஆய்வைச் சாராத நடுநிலைச் சாட்சி; அவர் முதலிலிருந்து கடைசி வரை அறையில் இருக்க வேண்டும். இந்த இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளாத புது ஆளை நான் பார்த்ததில்லை. ஆடியோ-வீடியோ பதிவு தேவைப்படும் ஆய்வில் கேமராவை நோயாளி பக்கம் திருப்புங்கள். மகன் தலையாட்டுவது மட்டும் பதிவான வீடியோக்கள் நிறைய உண்டு. நீண்ட ஆய்வில் நடுவழியில் புரியும் திறன் குறையலாம். திருத்திய படிவம் வரும்போதெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.

பார்க்கின்சன் 'ஆஃப்' விசிட்

மருந்தின் பலன் இறங்கிய நிலையில் நோயாளியைப் பார்ப்பதே 'ஆஃப்' விசிட். காலை ஒன்பது மணிக்கு அப்பாயின்ட்மென்ட், விடிந்ததும் மனைவி வழக்கம்போல மாத்திரை கொடுத்துவிட்டார். அன்றைய ஸ்கோர் போச்சு. கடைசி லெவோடோபா (பார்க்கின்சன் மாத்திரை) எடுத்த பிறகு 12 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றால், முதல் நாள் சாயங்காலம் அந்த அம்மாவுக்கே ஃபோன் செய்யுங்கள். மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டு வராமல் கையோடு கொண்டுவரவும் சொல்லுங்கள். டெஸ்ட் முடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு நோயாளி எழுந்து நடந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

வல்லாரை

மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். "வேற மருந்து எடுக்குறீங்களா" என்று கேட்டால் வல்லாரை லேகியத்தையும் சூரணத்தையும் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாத்ரூமில் வழுக்கி விழுந்தது

வயதானவர் விழுகிறார், இடுப்பு எலும்பு முறிகிறது, வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்க்கிறார்கள். நமக்குத் தெரிவது அடுத்த விசிட்டில். இந்தியாவின் 2019 மருத்துவ ஆய்வு விதிகளின்படி இப்படிப்பட்ட கடுமையான பாதக நிகழ்வு (எஸ்.ஏ.இ.) நடந்த 24 மணி நேரத்துக்குள் பி.ஐ. தெரிவித்தாக வேண்டும். ஈரத்தரையில் வழுக்கியதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்பது பிறகு எழுதும் விளக்கம், தெரிவிக்காமல் இருக்க அது காரணம் ஆகாது. "ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தங்கினாலும் எனக்குச் சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்று வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். ட்ரையல் அட்டையை நோயாளியிடம் மட்டும் கொடுத்தனுப்பினால் பிரயோஜனம் இல்லை. பார்ட்னரின் ஃபோனை வாங்கி, உங்கள் நம்பரை நீங்களே சேமித்து, ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.