வான்நிகழ்வுகள் குறித்த அமெரிக்க அரசின் இரகசியக் கோப்புகளைக் கேட்டுப் பெறுவதும் படிப்பதும்

அடையாளம் காணப்படாத வான்நிகழ்வுகளைப் பற்றி அமெரிக்க உளவு அமைப்புகள் என்ன அறிந்திருக்கின்றன என்று ஆராயப் புகுபவர், மறைக்கப்பட்டதைத் தேடுவதற்கு முன் ஏற்கெனவே வெளிவந்துள்ளதைப் படித்துவிட வேண்டும். இத்தகைய காட்சிகளைப் பற்றிய செய்திகளை விசாரித்த, விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969இல் மூடப்பட்டபோது, 1947 முதல் திரண்டிருந்த 12,618 பதிவுகளில் 701 பதிவுகளுக்கு விடை கிடைத்திருக்கவில்லை. அக்கோப்புகள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் எவரும் பார்க்கக்கூடியவையாக உள்ளன.

அடுத்த படி, 1966ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பது. வேற்று நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். 'எல்லா ஆவணங்களையும் தருக' என்று கேட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், எந்த அமைப்பு, எந்த மாதம், எந்த இடம், எவ்வகை ஆவணம் என்று சுருக்கிக் கேளுங்கள். பதில் தரச் சட்டம் விதிக்கும் காலம் 20 வேலைநாட்கள். நடைமுறையில் அது பெரும்பாலும் நீளும்.

வந்து சேரும் தாள்களில், வெளியிட மறுத்த வரிகளை மறைக்கும் கறுப்புப் பட்டைகள் இருக்கும். இங்குதான் மிகுந்த நிதானம் தேவை. ஒவ்வொரு பட்டையின் அருகிலும், சட்டத்தின் எந்த விலக்கின்படி மறைத்தார்கள் என்ற எண் குறிக்கப்பட்டிருக்கும்: 1 என்றால் தேசியப் பாதுகாப்பு, 3 என்றால் வேறொரு சட்டத்தின் தடை, 6 என்றால் தனிமனித அந்தரங்கம். மறைக்கப்படுவது பெரும்பாலும் வானில் தெரிந்த பொருளன்று, அதைக் கண்ட கருவியும் முறையுமே என்பது என் உறுதியான கருத்து. 1980இல் வான்நிகழ்வு ஆவணங்களைக் கேட்டுத் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்கில், நீதிபதி கெசெல் முகமையின் இரகசியப் பிரமாணப் பத்திரத்தைத் தனியே படித்துவிட்டு, ஆவணங்களைத் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தார். அவற்றில் பெரும்பாலானவை அயல்நாட்டுத் தகவல்தொடர்புகளை ஒட்டுக்கேட்டுத் தயாரித்தவை என்பது அப்பத்திரம் பின்னாளில் வெளியானபோது தெரிந்தது.

ஆயினும், மறைப்பு எப்போதும் குற்றமற்றது என்று கொள்ளவும் கூடாது. 1950களில் சிஐஏவின் யு-2 உளவு விமானத்தைக் கண்டு மக்கள் தெரிவித்த செய்திகளுக்கு, உண்மையை அறிந்த புளூ புக் விசாரணையாளர்களே பனித்துகள், வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் (குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக்காற்று படிவது) என்று காரணம் சொல்லி அனுப்பினர். ஆகவே அதிகாரபூர்வ விளக்கத்தையும் சான்றைக் கேட்டே ஏற்க வேண்டும். இதே அளவுகோல் மறுதரப்புக்கும் பொருந்தும்: 2023 ஜூலையில் முன்னாள் விமானப்படை உளவு அதிகாரி டேவிட் கிரஷ் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் சத்தியம் செய்து கூறியவற்றில், மனிதரல்லாதோரின் கலங்களைப் பற்றிய செய்தி பிறர் சொல்லக் கேட்டது, 2024 மார்ச்சில் இத்தகைய வான்நிகழ்வுகளை ஆராயும் பென்டகனின் ஆரோ அலுவலகம் வெளியிட்ட வரலாற்று அறிக்கை அதற்கு ஆதாரம் இல்லை என்றது.

மறுப்பு வந்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். ஆவணத்தின் தலைப்பும் தேதியும் தெரிந்திருந்தால், இரகசியநீக்க மறுஆய்வு கோரும் தனி வழியும் உண்டு. ஒரே ஆவணம் வெவ்வேறு ஆண்டுகளில் வெளியான படிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தவறாதீர்கள். முந்தைய படியில் கறுத்திருந்த வரி பிந்தையதில் திறந்திருக்கக்கூடும்.