சொற்பட்டியலை வாங்கும் முன்

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். சென்ற முறை புதிதாக வந்த ஒரு தாய், தம் பதினான்கு வயது மகளுக்காக வாங்கிய தடித்த ஆங்கிலச் சொற்பட்டியல் நூலைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார்; ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பென்சிலால் ஒரு தமிழ்ச் சொல் எழுதப்பட்டிருந்தது. 2022இல் என் மகனுக்கு நான் வாங்கிய நூலும் அதே பருமன், பென்சில் எழுத்தும் அதே ஒழுங்கு. அன்று அவரிடம் சொல்லத் தொடங்கி முடிக்காமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நாள்தோறும் படிக்க வேண்டும், அகராதியைப் பார்க்க வேண்டும் என்பவையெல்லாம் எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தத் தேர்வு என்று பாராமல் நூல் வாங்குதல்

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சொற்பட்டியல் நூல்களில் பல, அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கான எஸ்.ஏ.டி. தேர்வின் பழைய வடிவத்துக்காக எழுதப்பட்டவை. அத்தேர்வில் இரு சொற்களின் உறவை ஒப்பிடும் சொல்லிணை வினாக்கள் 2005இலும், வாக்கியத்தில் அருஞ்சொல் நிரப்பும் வினாக்கள் 2016இலும் நீக்கப்பட்டன. நம் நாட்டில் 2023இல் வந்த கணினி வடிவம், சிறு பத்தி ஒன்றைக் கொடுத்து அதன் போக்குக்குப் பொருந்தும் சொல் எது என்று கேட்கிறது. என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைக்கு அதுவும் வேண்டியதில்லை.

ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. பதினைந்து வயது மகனை நாளொன்றுக்கு இருபத்தைந்து சொற்கள் என்ற கணக்கில் ஓராண்டு உருப்போட வைத்தேன்; இரவில் நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் சொல்வான், இருவரும் மகிழ்ச்சியோடு உறங்கப் போவோம். அந்தப் பட்டியலில் ‘அபேட்’ (abate) என்ற சொல்லுக்கு எதிரே ‘குறைதல்’ என்று நானே எழுதியிருந்தேன். காசிமேட்டு மீன் சந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, மதியத்துக்கு மேல் வஞ்சிரத்தின் விலை ‘அபேட்’ ஆனது என்று எழுதினான். நான் சிவப்புக் கோடு போட்டதும், “குறையறதுன்னு நீதானேப்பா எழுதின, அப்பறம் ஏன் தப்பு?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பதில் நம் மொழியிலேயே இருந்தது. மரத்தை வெட்டுகிறோம், நெல்லை அறுக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம், பூவைப் பறிக்கிறோம். தமிழ் கற்கும் வேற்றுமொழிக்காரர் ‘வெட்டு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மல்லிகையை வெட்டினேன் என்றால் நமக்குப் பொருள் விளங்கும், சிரிப்பும் வரும். ‘அபேட்’ என்பதற்கு நெருங்கிய தமிழ் ஓய்தலும் தணிதலும்தான்: மழை ஓயும், புயல் ஓயும், சினம் தணியும், காய்ச்சல் தணியும், மீன் விலையோ இறங்கும், ஓயாது. ஒரு சொல் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதை என் பென்சில் குறிப்பு அவனுக்குச் சொல்லவே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை ஓய்ந்த பிறகு, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிய செய்தியை அவன் ஆங்கில நாளிதழில் நாள் தவறாமல் படித்தான். அவனுடைய நண்பன் ஒருவனின் தந்தை அங்கே வலை வீசுபவர் என்பதால், எவரும் சொல்லாமலே படித்தான். மழையோடு ‘அபேட்’ சேர்ந்து வந்ததை அங்கே அவனே கண்டுகொண்டான். அதைவிட, நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த ‘கண்டெய்ன்’ (contain) என்ற சொல்தான் அவனைத் தடுமாற வைத்தது: உள்ளே கொண்டிருத்தல் என்று மட்டுமே அறிந்திருந்தவன், எண்ணெயைப் பரவவிடாமல் மடக்கி நிறுத்துவதும் அதே சொல் என்பதை, நீரில் மிதவைத் தடுப்புகளைப் போட்ட செய்தியிலிருந்து கற்றான். என் நூலில் அந்தச் சொல்லே இல்லை. எளிய சொல் என்று விட்டிருப்பார்கள்.

நூலுக்குக் கொடுத்த பணம் போகட்டும். அந்த ஓராண்டில் அவன் ஒரு கதைப் புத்தகத்தைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. அதற்கான நேரத்தை ஒப்பித்தலுக்கென்று நான் எடுத்துக்கொண்டேன்.

நம் முன்னோர் நிகண்டை மனப்பாடம் செய்துதானே தமிழ் கற்றார்கள் என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். உண்மைதான், திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டை உருப்போட்டார்கள். ஆனால் அது விருத்தப்பாவால் ஆனது, ஓசையே பாதி நினைவைச் சுமந்துகொள்ளும்; அதை உருப்போட்ட மாணவன் அடுத்துச் செய்யுளைப் படித்தான், அங்கே அதே சொற்கள் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டன. நாம் நிகண்டை மட்டும் கொடுத்துவிட்டுச் செய்யுளை மறந்துவிடுகிறோம்.

பட்டியல் இல்லாமல் மனம் ஆறாதவர்கள், அவெரில் காக்ஸ்ஹெட் (Averil Coxhead) என்ற மொழியியலாளர் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். அதில் 570 சொற்குடும்பங்களே, அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்த தொகுதிகளே, உள்ளன; உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று அவற்றைச் சேர்ந்தது. அறிவியலிலும் வரலாற்றிலும் பிள்ளை தானாகக் கண்ட சொற்களை அதில் குறித்துக்கொண்டே வரட்டும், அவற்றோடு கண்ட வாக்கியத்தையும் ஒரு நோட்டில் எழுதட்டும், ஒப்பிக்க வேண்டாம்.

ஒத்த சொற்களை ஒரே நாளில் கற்பித்தல்

‘அஃபெக்ட்’ (affect), ‘எஃபெக்ட்’ (effect) இரண்டையும் ஒரே அட்டையில் எழுதிக் கொடுத்தால், பிள்ளைக்கு இரண்டும் தெரியும், எது எது என்பதுதான் தெரியாது. பொருளால் நெருங்கிய சொற்களைக் கொத்தாகக் கற்பவர்கள், தொடர்பில்லாத சொற்களைக் கற்பவர்களைவிட மெதுவாகவே கற்கிறார்கள் என்பதை டிங்கம் என்ற ஆய்வாளர் 1993இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. முதலாவது நன்றாக ஊன்றிய பிறகு, சில வாரம் கழித்து இரண்டாவதைக் கொடுங்கள்.

வேர்ச்சொல்லே எல்லாம் என்று நம்புதல்

இலத்தீன், கிரேக்க வேர்களைக் கற்பிக்கும் முறை வீட்டுவழிக் கல்விக்காரர்களிடம் மிகவும் விரும்பப்படுகிறது, ஓரளவு பயனும் உண்டு. ஆனால் ‘பெட்’ என்றால் கால் என்று படித்த என் இளைய மகள், மருத்துவமனைப் பலகையில் ‘பீடியாட்ரீஷியன்’ என்பதைக் கண்டு கால் மருத்துவர் என்றாள். ‘பெடஸ்ட்ரியன்’ என்ற சொல்லில் இருப்பது காலைக் குறிக்கும் இலத்தீன் வேர். குழந்தை மருத்துவரிடம் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். வேரைக் கொண்டு ஊகிக்கலாம், வாக்கியத்தைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

கட்டணச் செயலி

வேண்டாம், சொல் அட்டைகளை இடைவெளிவிட்டு நினைவூட்டும் அங்கி (Anki) என்ற செயலி கணினியில் இலவசமாகவே கிடைக்கிறது.

தமிழ் வாசிப்பை நிறுத்திவைத்தல்

ஆங்கிலம் வரும் வரை தமிழ் நூல்கள் வேண்டாம் என்று சில வீடுகளில் தள்ளிவைக்கிறார்கள். மழை ஓய்ந்தது, வெள்ளம் வடிந்தது, வீக்கம் வற்றியது என்று தமிழில் வேறுபடுத்தத் தெரியாத பிள்ளைக்கு, ‘அபேட்’ விலைக்குப் பொருந்தாது என்பதை எந்த மொழியைக் கொண்டு விளக்குவது என்பதை அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

நாளொன்றுக்கு இருபத்தைந்து

ஐந்து போதும்.