கியூவைப் பிடிக்கும் கை: ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு மாதிரி போக என்ன காரணம்?

புதுச்சேரியில் ஸ்னூக்கர் ஆட வருகிறவர்களில் பலர் முதலில் எட்டுப் பந்து பூல் ஆடிவிட்டுத்தான் வருகிறார்கள். வார இறுதியில் கடலூரிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளும் அப்படித்தான். பூல் டேபிள் சின்னது, பாக்கெட் அகலமானது. கை கொஞ்சம் பிசகினாலும் பந்து விழுந்துவிடும். பன்னிரண்டு அடி ஸ்னூக்கர் டேபிளுக்கு வந்தால் அந்தச் சலுகை கிடையாது. 3 மீட்டர் தள்ளி இருக்கும் பந்தை நோக்கி அடிக்கும்போது, நாம் நேரடியாக அடிக்கும் வெள்ளைப் பந்து 1 டிகிரி விலகினால், போய்ச் சேரும் இடத்தில் 5 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும். ஸ்னூக்கர் பந்தின் விட்டமே 52.5 மில்லிமீட்டர்தான். அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுப் பந்து அளவுக்குத் தவறு.

இப்படித் தவறும்போது எல்லாரும் சந்தேகப்படுவது கண்ணை. குறி சரியில்லை, இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை, கோளாறு கண்ணில் இருப்பதைவிட, கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலைப் பிடிக்கும் கையில் இருப்பதுதான் அதிகம். வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கும் நேரத்தில் இறுகும் கை

"லூசா பிடி தம்பி" என்பது எல்லா ஹாலிலும் கேட்கும் அறிவுரை. தவறில்லை, ஆனால் பாதிதான். கியூவைத் தொளதொளவென்று பிடித்துக்கொண்டு, அடிக்கும் நொடியில் வெடுக்கென்று இறுக்குகிறவர்கள் நிறையப் பேர். தொடக்கம் முதலே கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்து, அதே இறுக்கத்தில் அடித்து முடிக்கிறவர்கூட இவர்களைவிட நேராக அடிப்பார். எவ்வளவு இறுக்கம் என்பது இரண்டாவது கேள்வி. கியூ பின்னால் போகும்போது இருந்த இறுக்கம், முன்னால் வந்து பந்தைத் தொடும் வரை மாறாமல் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

திருப்பாதிரிப்புலியூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பிக்கு நீண்ட தூரப் பாட் (பந்தைப் பாக்கெட்டில் போடும் அடி) எல்லாமே ஒரே பக்கமாகத் தவறிக்கொண்டிருந்தது. "அண்ணே, நேராத்தானே வைக்கிறேன், ஏன் எல்லாம் இடது பக்கமே போகுது?" என்று கேட்டான். பந்தைப் பார்க்காமல் அவன் கையை மட்டும் பார்த்தேன். ஃபெதர் பண்ணும்போது, அதாவது அடிப்பதற்கு முன் கியூவை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டும்போது, விரல்கள் அழகாகத் தளர்ந்திருந்தன. கடைசியாகப் பின்னால் இழுத்து முன்னால் விடும்போது நான்கு விரல் முட்டிகளும் வெளுத்துவிட்டன. கட்டைவிரல் கியூவைப் பக்கவாட்டில் அழுத்தியது. மணிக்கட்டு ஒரு துளி உள்ளே மடங்கியது. முழங்கை விலாவை நோக்கி இழுபட்டது. இத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பின்னால் நின்று, கியூவின் அடிப்பகுதி உயரத்துக்கு போனைத் தாழ்த்தி, ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்துக் காட்டியபோதுதான் அவனுக்கே நம்பிக்கை வந்தது.

கியூவின் நுனியிலுள்ள டிப்பும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். பந்து கிளம்பிய பிறகு கை இறுகினால் அதனால் பந்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. நல்ல ஆட்டக்காரர்களின் கையும் அடி முடிந்ததும் மூடிக்கொள்ளத்தான் செய்யும். டிப் பந்தைத் தொடுவதற்கு முன்பே இறுகும் கைதான் கெடுக்கிறது. அப்போது கியூ பக்கவாட்டில் நகர்கிறது, நடுவில் பட வேண்டிய டிப் ஓரத்தில் படுகிறது, கேட்காமலே சைடு, அதாவது பக்கவாட்டுச் சுழற்சி, ஏறிவிடுகிறது.

ஏன் இறுகுகிறது? நம் பிள்ளைகளுக்கு ஒரு முக்கியமான காரணம் கிரிக்கெட். டென்னிஸ் பந்தைத் தூக்கி அடித்துப் பழகிய கைக்கு, பலமாக அடிக்க வேண்டும் என்றாலே கைப்பிடியை நெரிக்கத் தோன்றும். ஸ்னூக்கரில் வேகம் பின்னிழுப்பின் நீளத்திலிருந்தும், முன்னால் வரும்போது கியூ படிப்படியாக வேகம் எடுப்பதிலிருந்தும் வருகிறது. நெரிப்பதால் ஒரு துளி வேகமும் அதிகமாகாது. வெள்ளைப் பந்தைப் பின்னால் வரவைக்கும் ஸ்க்ரூ அடிக்க முயலும்போது அது பின்னால் வராமல் அங்கேயே நின்றுவிடுகிறது என்று புலம்புகிறவர்களின் கையைப் பாருங்கள்.

இன்னொரு காரணம் அதிகம் பேர் கவனிக்காதது: இடது கை. டேபிளில் கியூவுக்குத் தாங்கலாகப் பிரிட்ஜ் போடும் கை துணியில் உறுதியாக ஊன்றாமல் மேலோட்டமாக இருந்தால், கியூவை நிலையாக வைத்திருக்கும் வேலை முழுவதும் வலது கைக்கு வந்துவிடும். அது இறுகாமல் என்ன செய்யும்? விரல்நுனிகள் துணியைப் பற்றுகிற மாதிரி இடது கையை நன்றாக ஊன்றிவிட்டு, அப்புறம் வலது கையைக் கவனியுங்கள். யாரும் சொல்லாமலே அது தளர்ந்திருக்கும்.

வலது கை தாங்க வேண்டிய எடையும் பெரிதல்ல. கியூவின் எடை பொதுவாக 17 முதல் 19 அவுன்ஸ், ஏறக்குறைய அரை கிலோ. அதில் ஒரு பங்கை பிரிட்ஜ் தாங்கிக்கொள்கிறது. மீதி சுமார் 350 கிராம்தான் வலது கையில். தண்ணீர் வாளியைத் தூக்கும்போது விரல்கள் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும், கட்டைவிரலுக்குப் பெரிய வேலை இருக்காது. கியூவும் அப்படித்தான் விரல்களில் தொங்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அடிக்கும் நிலையில் குனிந்து நின்று, நண்பரைப் பின்னாலிருந்து கியூவை இழுக்கச் சொல்லுங்கள். லேசான தடையோடு வந்தால் சரி. உங்கள் தோளையும் சேர்த்து இழுத்தால் இறுக்கம் அதிகம். தடையே இல்லாமல் நழுவினால் அதுவும் ஆகாது.

கட்டைவிரல், சுண்டுவிரல்

விரல்களில் அதிகம் கெடுப்பது கட்டைவிரல். அது கியூவின் பக்கத்தில் நேராகத் தரையைப் பார்த்துத் தொங்க வேண்டும். கியூவின் நீளவாக்கில் முன்னால் நீட்டி வைப்பவர்களுக்கு மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். நேர் பந்துகளை வைத்து, கட்டைவிரலைத் தூக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அடித்துப் பாருங்கள். கியூ கீழே விழாது. கட்டைவிரல் இல்லாமலே இவ்வளவு நேராகப் போகிறதே என்று ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் அதை லேசாகத் தொட வைத்தால் போதும்.

சுண்டுவிரல் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முன்னங்கை முழங்கையிலிருந்து ஊசல் மாதிரி வளைவாகத்தான் ஆடும். கியூவோ நேர்கோட்டில் போயாக வேண்டும். கை பின்னால் போகும்போது, ஐந்து விரல்களும் மூடியிருந்தால் கியூவின் பின்முனை கையோடு சேர்ந்து மேலே ஏறும். முன்னால் டிப் கீழே இறங்கும். இதைத் தவிர்க்கத்தான் பின்னிழுப்பில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மெல்லத் திறந்துகொள்ள வேண்டும். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்த வளையம் மட்டும் கியூவை விடாமல் தாங்கும். முன்னால் வரும்போது திறந்த விரல்கள் தாமாக மூடும். விரல்களை யோசித்து யோசித்துத் திறந்து மூடாதீர்கள், அது இன்னொரு கோளாறைக் கொண்டுவரும். இறுக்கம் போனாலே அவை தானாகத் திறக்கும்.

சிலர் இதைக் கேட்டுவிட்டு, இரண்டு விரல் நுனியால் மட்டும் கியூவைத் தூக்கிப் பிடிப்பார்கள். மெதுவான அடிக்கு நன்றாகவே வரும். கொஞ்சம் பலமாக அடிக்க வேண்டிய இடத்தில் கியூ கையை விட்டு ஓடப் பார்க்கும், உடனே கை பதறிப் பிடிக்கும். சுற்றி வந்து அதே பழைய வெடுக்!

எங்கே பிடிப்பது

நண்பன் கியூவின் அடிமுனையிலிருந்து நாலு விரல் விட்டுப் பிடிக்கிறான் என்று நாமும் அங்கேயே பிடிப்பது தவறு. உயரமும் கை நீளமும் ஆளுக்கு ஆள் வேறு. டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டும் தொடாமல் நிற்கும்போது, முழங்கையிலிருந்து கை வரை நேராகத் தரையை நோக்கித் தொங்குகிற இடம்தான் உங்கள் இடம். அதற்கு முன்னால் பிடித்தால், டிப் பந்தை அடையும்போது கை மேலே ஏறத் தொடங்கியிருக்கும், டிப் தாழ்ந்து படும். அடி முடிவதற்குள் கை நெஞ்சில் இடித்துவிடும். உயரமானவர்கள் கிட்டத்தட்ட கியூவின் அடிமுனையையே பிடிக்க வேண்டி வரும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நிறைய முன்னால் தள்ளி வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் இடம் தெரிந்ததும் கியூவில் ஒரு அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டு, எல்லா அடிக்கும் அங்கேயே பிடியுங்கள். டேபிளின் ஓரத் தடுப்பான குஷனை ஒட்டி நிற்கும் பந்துக்குப் பிரிட்ஜ் தூரத்தைச் சுருக்கும்போது மட்டும் பிடியையும் முன்னால் கொண்டுவர வேண்டும்.

மணிக்கட்டு உள்ளேயும் வேண்டாம், வெளியேயும் வேண்டாம், முன்னங்கையோடு ஒரே நேராகத் தொங்கட்டும். டிவியில் பார்த்ததை அப்படியே செய்து பார்க்கும் பழக்கம் இங்கேதான் அதிகம் கெடுக்கிறது. 2019-இல் உலக சாம்பியன் ஆன ஜட் டிரம்ப்பின் கியூ ஓட்டம் பாடப்புத்தக நேர்த்தி கொண்டதில்லை. சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடி, அந்த விலகலை அவர் ஒவ்வொரு அடியிலும் ஒரே மாதிரி செய்யக் கற்றிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் ஆடுகிறவருக்கு நேரான மணிக்கட்டுதான் நல்லது.

வியர்வை

நம் கடற்கரை ஊர்களில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை வெயிலில் பைக் ஓட்டிக்கொண்டு வந்து, வந்த வேகத்தில் கியூவை எடுத்தால் கை வழுக்கும். வழுக்கும் கை பயத்தில் இறுகும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஏசி காற்றில் கொஞ்சம் ஆறிவிட்டு ஆடுங்கள். பாக்கெட்டில் ஒரு சின்னத் துணி எப்போதும் இருக்கட்டும். ஹாலில் கொடுக்கும் பொதுக் கியூக்களின் அடிப்பகுதியில் பலர் கை பட்ட பிசுக்கு ஏறியிருக்கும். ஈரத் துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. பவுடர் வேண்டவே வேண்டாம். வலது கைக்கு அது இன்னும் வழுக்கும், டேபிள் துணியும் பாழாகும். பேட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப்பைக் கியூவில் சுற்றுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கனம் கூடிப் பிடியின் உணர்வே மாறிவிடும், வியர்வையையும் குடித்து வைத்துக்கொள்ளும்.

சோதித்துப் பார்க்க

வெள்ளைப் பந்தை, டேபிளில் பிரவுன் பந்து வைக்கும் புள்ளியில் வையுங்கள். மற்ற பந்துகளை எடுத்துவிட்டு, ப்ளூ, பிங்க், பிளாக் புள்ளிகளின் மேலாக நேரே மேல் குஷனுக்கு அடியுங்கள். திரும்பி அதே வழியில் வந்து டிப்பைத் தொட்டால் பிடி சரி. எப்போதும் ஒரே பக்கம் விலகினால் மணிக்கட்டையோ கட்டைவிரலையோ பாருங்கள். ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று மாறி மாறி விலகினால் இறுக்கம் மாறிக்கொண்டிருக்கிறது. மெதுவான அடியில் நேராக வந்து, வேகம் கூட்டினால் மட்டும் விலகுகிறதா? அதுவும் இறுக்கம்தான். திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போட்டி இருக்கும் வாரத்தில் எதையும் தொடாதீர்கள்.

கை எட்டாத பந்துக்குக் கியூவைத் தாங்கும் கோலான ரெஸ்ட் வைத்து ஆடும்போது மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பொருந்தாது. அங்கே கட்டைவிரல் கியூவுக்கு அடியிலும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலேயுமாக, பேனா பிடிப்பதற்குக் கிட்டத்தட்ட அருகில் வரும். முழங்கை தொங்காமல் பக்கவாட்டில், கியூவின் உயரத்துக்கே வந்து நிற்கும். இழுப்பு சின்னதாக இருக்கும். பழைய பிடியையே அங்கேயும் கொண்டுபோய் மேலிருந்து குத்துவதுதான் ரெஸ்ட்டில் நடக்கும் பெரிய தவறு. இறுக்கம் மாறக் கூடாது என்பது மட்டும் இங்கேயும் அப்படியே பொருந்தும்.