2500 சதுர அடி மனையா? சுயசான்றில் வீடு கட்ட அனுமதி வாங்கிவிடலாம்

ஊராட்சி அலுவலகத்துக்கு நடக்கும் முன் தமிழக அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் 'சுயசான்று' முறையில், அதாவது தரும் விவரங்கள் சரியென்று நீங்களே உறுதியளித்து, விண்ணப்பியுங்கள். 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் போதும். 2024 ஜூலையில் வந்த இந்த முறையில் முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது. கட்டணம் கட்டியதும் கியூஆர் குறியீட்டோடு ஆணை இறங்கிவிடும். தரகருக்கு வேலையே இல்லை.

சிக்கல் பெரும்பாலும் பட்டாவில்தான். கிரயப் பத்திரம் உங்கள் பெயரில், பட்டா இன்னும் விற்றவர் பெயரில், அல்லது கூட்டுப் பட்டா என்றால் முதலில் உட்பிரிவு செய்து பெயர் மாற்றுங்கள். பத்திரத்தில் 2400, பட்டாவில் 2350 என்றிருந்தால் குறைந்த அளவுக்கே வரைபடம் போடுங்கள். தவறான தகவல் தந்தால் அனுமதி ரத்தாகும்.

அங்கீகாரமில்லாத மனைக்கும் கடை கட்டவும் இது உதவாது.