வீட்டில் கச்சேரிப் பதிவு: ஆடியோ இன்டர்ஃபேஸும் ஹெட்ஃபோனும் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று நான்கு பேர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடி வாசிப்பதைத் தனித்தனிச் சேனல்களாகப் பதிவு செய்ய விரும்புகிறவர், மைக்குகளின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸை வாங்கக் கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "இதில் எத்தனை மைக் போடலாம்?" என்பதுதான். அது தேவையான கேள்விதான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாடுகிறவர், வாசிக்கிறவர் ஒவ்வொருவர் காதிலும் என்ன கேட்கப் போகிறது? சேனல் குறைந்துபோனால் ஒரு மைக்கைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். பாடகருக்குத் தம்பூரா சரியாகக் கேட்காமல் சுருதி விலகிவிட்டால், அந்தப் பதிவை மீட்பது மிகவும் கடினம். சுருதி திருத்தும் மென்பொருள்கள் நிலையான ஸ்வரங்களைப் பிடித்து இழுப்பவை. ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகம் நிறைந்த பாட்டில் அவற்றைப் பயன்படுத்தினால் கமகமே தட்டையாகிப் போகும். அதனால்தான் நான் ஒரு கருவியைப் பார்க்கும்போது மைக் துளைகளை எண்ணுவதற்கு முன் ஹெட்ஃபோன் துளைகளைப் பார்க்கிறேன்.

எத்தனை சேனல் வேண்டும்?

பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, கடத்துக்கு ஒன்று. மிருதங்கத்துக்கு மட்டும் இரண்டு வேண்டும். வலப்பக்க முகமான வலந்தலையின் கணீரென்ற நாதமும், ரவை வைத்த இடப்பக்க முகமான தொப்பியிலிருந்து வரும் கனமான ஒலியும் எதிரெதிர்த் திசைகளில் வெளிப்படுகின்றன. நடுவில் ஒரே மைக்கை வைத்தால் வலந்தலையின் சொற்கள் ஓரளவு கிடைக்கும். தொப்பியில் குமுக்கி போடும்போது எழுகிற இழைவு காணாமல் போகும். ஆக, மைக் மட்டும் ஐந்து. எலெக்ட்ரானிக் தம்பூராவை மைக் வைத்துப் பிடிக்காமல் கேபிள் மூலம் நேராக லைன் இன்புட்டில் (மைக் அல்லாத கருவிகளுக்கான துளை) கொடுப்பது நல்லது என்பதால் அதற்கு ஒன்று. பதிவு செய்கிறவர் வாசிப்பவர்களுடன் பேச ஒரு மைக். கஞ்சிராவோ இரண்டாவது குரலோ பின்னால் சேர்ந்தால் அதற்கு ஒன்று. இப்படி எண்ணிப் பார்த்தால், சிறிய கச்சேரி ஒன்றுக்கு எட்டுச் சேனல்கள் மிகையில்லை.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் 18ஐ20 என்ற கருவியை எடுத்துக்கொள்ளலாம். பெயரில் உள்ள 18 என்பது அதன் மொத்த இன்புட் எண்ணிக்கை. அவற்றில் மைக்கை நேரடியாகச் செருகக்கூடியவை 8. ஏடாட் என்ற ஒளியிழைத் துளை வழியாக 8. எஸ்பிடிஃப் என்ற டிஜிட்டல் துளை வழியாக 2. பெரிங்கர் யூஎம்சி1820 என்ற கருவியிலும் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி) எட்டுதான். இந்த இரண்டிலும் எட்டு இருப்பதால் நம் தேவைக்குப் போதும். ஆனால் பெயரில் இதைப் போலவே பெரிய எண்ணைத் தாங்கி, மைக் ப்ரீஆம்ப் நான்கு மட்டுமே உள்ள கருவிகளும் சந்தையில் இருக்கின்றன.

இந்த வேறுபாடு தெரியாத நாளில் அப்படியொரு கருவியை நானும் வாங்கினேன். மிருதங்க வித்வான் வந்து உட்கார்ந்து, வாத்தியத்தைச் சுருதி சேர்த்து, தொப்பிக்கு ரவை வைத்து முடித்த பிறகுதான், மீதி நான்கும் லைன் இன்புட், அவற்றில் மைக் கேபிளைச் செருகவே முடியாது என்பது எனக்கு உறைத்தது. தொப்பிக்கும் கடத்துக்கும் நடுவே ஒரே மைக்கை வைத்து அன்றைய பதிவை முடித்தேன். அந்தத் தனி ஆவர்த்தனத்தில் அவ்விரண்டையும் இன்றுவரை என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை.

நான்கு ப்ரீஆம்ப் உள்ள கருவியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதில் ஏடாட் இன்புட் இருந்தால், பெரிங்கர் ஏடிஏ8200 போன்ற எட்டு ப்ரீஆம்ப் உள்ள துணைக் கருவியை ஒரே ஒளியிழைக் கேபிளில் இணைத்துவிடலாம். ஏடாட் இணைப்பில் சாம்பிள் வேகம் (ஒலியை விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிவது என்பது) 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் எட்டுச் சேனல்கள் வரும். 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் நான்காகக் குறைந்துவிடும். இரண்டு கருவிகளில் ஒன்றின் கடிகாரத்தையே (இந்த வேகத்தை நிர்ணயிப்பது) மற்றதும் பின்பற்றும்படி அமைக்க வேண்டும். அதை மறந்தால் பதிவில் டிக் டிக் என்ற வெடிப்புகள் விழும். இதற்குப் பதிலாக, யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் இரண்டை ஒரே கணினியில் செருகிச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டின் கடிகாரங்களுக்கும் இடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தால், ஒரு மணி நேரத்தில் அது 72 மில்லிவினாடியாகச் சேர்ந்துவிடும். பல்லவியில் பாட்டும் மிருதங்கமும் சேர்ந்து விழுந்த இடத்தில், மங்களம் வரும்போது மிருதங்கம் தள்ளி விழும்.

இணைப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதினெட்டுச் சேனல்களுக்கு விநாடிக்குச் சுமார் 21 மெகாபிட் போதும், யூஎஸ்பி 2.0 இணைப்பின் பெயரளவு வேகம் 480 மெகாபிட். பழைய ஃபயர்வயர் கருவிகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இன்றைய மடிக்கணினிகளில் அந்தத் துளையே இல்லை. செகண்ட் ஹேண்டில் எதை வாங்கினாலும், உங்கள் கணினியின் இயங்குதளத்துக்கு அந்த நிறுவனம் இன்னும் டிரைவர் தருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கெயின், ஹெட்ரூம்

கண்டென்சர் மைக்குகளுக்கு, மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் மின்சாரமான பாண்டம் பவர் வேண்டும். சில கருவிகளில் ஒரே சுவிட்ச் நான்கு சேனல்களுக்கு, ஏன், எட்டுக்குமே சேர்த்து மின்சாரம் தரும் என்பதால், எந்த மைக்கை எதில் செருகுவது என்பதை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும். ஷூர் எஸ்எம்7பி போன்ற மைக்கைப் பாட்டுக்கு வைப்பதாக இருந்தால் சுமார் 60 டெசிபெல் கெயின் (பெருக்கம்) தேவைப்படும். ப்ரீஆம்ப் அந்த அளவைத் தருகிறதா என்று பாருங்கள். மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் இதற்கு நேர்மாறான கவலை. பக்கத்தில் வைத்த மைக்கில் அடி விழும்போது ப்ரீஆம்ப் தாங்க வேண்டும், எனவே உள்ளே வரும் ஒலியளவைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருப்பது பெரிய வசதி. சோதிக்கும்போது எல்லோரும் நிதானமாகத்தான் வாசிப்பார்கள், தனியில் கோர்வை வைக்கும்போது அதே கை வேறு வேகத்தில் விழும். அதனால் சோதனையில் உச்ச அளவு மைனஸ் 18 முதல் மைனஸ் 12 டெசிபெல் வரை இருக்கும்படி விட்டுவிடுங்கள்; மேலே மிஞ்சும் இந்த இடைவெளிதான் ஹெட்ரூம். 24 பிட் பதிவில் இதனால் இரைச்சல் அதிகரிக்காது. எட்டுச் சேனல்களில் இரண்டு மணி நேரப் பதிவு 8 ஜிபிக்குச் சற்று அதிகமாக இடம் பிடிக்கும்.

ஒவ்வொருவர் காதுக்கும் ஒரு கலவை

எல்லோரும் ஒரே கூடத்தில் மேடையில் போலவே உட்கார்ந்தால் ஹெட்ஃபோன் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படி உட்காரும்போது ஒருவரையொருவர் நேரடியாகக் கேட்க முடியும். தம்பூராவை மட்டும் மைக்குகளுக்குள் ஒழுகவிடாமல் காதில் கொடுத்தால் போதும். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மிருதங்கம் பாடகரின் மைக்குக்குள் அவ்வளவு பலமாக நுழைந்துவிடுகிறது. அதனால் பலரும் மிருதங்கத்தையும் கடத்தையும் பக்கத்து அறையில் வைத்து, முகம் தெரியும் அளவுக்குக் கதவைத் திறந்து வைக்கிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து ஹெட்ஃபோனே கச்சேரி மேடை ஆகிவிடுகிறது.

பாடகருக்குத் தம்பூரா ஓங்கி இருக்க வேண்டும், தன் குரல் அளவாக, வயலின் அதற்கும் கீழே. வயலின் வாசிப்பவருக்குப் பாட்டுத்தான் உயிர். ஆலாபனையில் பாடகர் முடிக்கும் கடைசி இழை வரை கேட்டால்தான் அவரால் பின்தொடர முடியும். மிருதங்கக்காரருக்குத் தன் வாத்தியம் ஹெட்ஃபோனைத் தாண்டியே கேட்டுவிடும். அவருக்குச் சாகித்தியம் தெளிவாகக் கேட்க வேண்டும். கடத்துக்குப் பாட்டும் மிருதங்கமும் வேண்டும். நால்வருக்கும் ஒரே கலவையைக் கொடுத்தால், மிருதங்கம் கேட்கவில்லை என்று ஒருவர் கூட்டச் சொல்லும்போது, அது அதிகமாகிவிட்டது என்று இன்னொருவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுவார்.

கருவியை வாங்கும்போது இதற்காகப் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, முகப்பில் உள்ள இரண்டு ஹெட்ஃபோன் துளைகளிலும் வெவ்வேறு கலவை அனுப்ப முடியுமா, அல்லது இரண்டிலும் ஒரே ஒலிதானா? இரண்டாவது, அந்தக் கலவை கருவிக்குள்ளேயே நடக்கிறதா, அல்லது கணினிக்குப் போய்த் திரும்பி வர வேண்டுமா? ஃபோகஸ்ரைட் கண்ட்ரோல், ஆர்எம்இ நிறுவனத்தின் டோட்டல்மிக்ஸ் போன்ற மென்பொருள்களுடன் வரும் கருவிகளில் கலவை கருவிக்குள்ளேயே நடக்கிறது. விலை குறைந்த சில எட்டுச் சேனல் கருவிகளில் இந்த உள் மிக்சர் கிடையாது.

இது ஏன் முக்கியம் என்றால், கணினி வழியாகச் சுற்றி வரும் ஒலி தாமதமாகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிவினாடி, 1024 என்றால் 21 மில்லிவினாடி. போய்த் திரும்புவதற்கு அதன் இருமடங்குக்கும் மேல். காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் வாத்தியம் 9 மில்லிவினாடி தாமதமாகத்தான் வருகிறது, அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தன் குரல் விஷயம் வேறு. பாடகருக்குத் தன் குரல் எலும்பு வழியாக உடனே கேட்டுவிடுகிறது; ஹெட்ஃபோனில் அதே குரல் சில மில்லிவினாடிகள் பிந்தி வந்து சேரும்போது, குழாய்க்குள் பாடுவதைப் போன்ற ஒரு வெற்றுத்தன்மை உண்டாகும். கருவிக்குள்ளேயே கலக்கும் நேரடி மானிட்டரிங்கில் இந்தத் தொல்லை உணரும்படி இருக்காது. புளூடூத் ஹெட்ஃபோன்களின் தாமதம் இதைவிடப் பலமடங்கு என்பதால் பதிவின்போது அவற்றை எடுக்கவே வேண்டாம்.

இரண்டு துளைகள் நால்வருக்குப் போதாது. பாடகருக்கும் வயலினுக்கும் தனித்தனியாக அவற்றைக் கொடுத்துவிட்டு, ஒரு ஜோடி லைன் அவுட்புட்டிலிருந்து பெரிங்கர் ஹெச்ஏ400 போன்ற ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயருக்கு மூன்றாவது கலவையை அனுப்பி, மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் பகிரலாம். அதில் நால்வர் வரை கேட்கலாம், ஒலியளவைத் தனித்தனியாகத் திருகிக்கொள்ளலாம், ஆனால் எல்லோருக்கும் கலவை ஒன்றுதான். ஒய் கேபிள் போட்டுப் பிரிப்பதைவிட இது மேல். கணினியே வேண்டாம் என்கிறவர்கள் ஜூம் லைவ்டிராக் எல்-12 போன்ற டிஜிட்டல் மிக்சரைப் பார்க்கலாம். அதில் எட்டு மைக் ப்ரீஆம்ப், ஐந்து ஹெட்ஃபோன் துளைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கலவை உண்டு, எஸ்டி கார்டிலேயே பதிவாகும். பெரும்பாலும் கச்சேரியை மட்டுமே பதிவு செய்யும் வீட்டுக்கு இதுதான் நிம்மதியான தேர்வு என்பது என் எண்ணம்.

எந்த ஹெட்ஃபோன்?

பதிவின்போது மூடிய வகைதான். திறந்த வகை ஹெட்ஃபோனிலிருந்து தம்பூரா கசிந்து பாட்டு மைக்கில் சேர்ந்துவிடும். சோனி எம்டிஆர்-7506 (63 ஓம்), ஆடியோ டெக்னிக்கா ஏடிஹெச்-எம்50எக்ஸ் (38 ஓம்) இரண்டும் எந்த இன்டர்ஃபேஸிலும் போதிய ஒலி தரும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் கிடைக்கிறது. 250 ஓம் வகையைச் சிறிய ஆம்ப்ளிஃபயரில் செருகினால், திருகை முழுக்கத் திருப்பியும் ஒலி போதாமல் போகலாம். நால்வருக்கும் ஒரே மாடலை வாங்குங்கள். ஒருவர் கேட்பதை இன்னொரு ஹெட்ஃபோனில் நீங்களும் அப்படியே கேட்டுச் சரிபார்க்க முடியும்.

வயலின் வாசிப்பவருக்குக் கேபிள் இடப்பக்கம் மட்டும் இறங்கும் ஹெட்ஃபோனைக் கொடுத்து, கேபிளை முதுகுப்பக்கமாக விட்டால் வில்லில் சிக்காது. முன் சொன்ன சோனி, ஆடியோ டெக்னிக்கா இரண்டிலும் அப்படித்தான். ஜிமிக்கி அணிந்தவர்கள் பதிவு முடியும் வரை அதைக் கழற்றி வைப்பது நல்லது. ஹெட்ஃபோன் மெத்தையில் உரசும் அந்தச் சின்னக் கிணுகிணுப்பு கண்டென்சர் மைக்கில் துல்லியமாக விழும். பாடகர்கள் பலர் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே பாட விரும்புவார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம், திறந்த பக்கத்துக்குப் போகும் ஒலியை மட்டும் மிக்சரில் அடைத்துவிடுங்கள்.

மின்சாரமும் முந்தின நாள் சோதனையும்

எட்டுச் சேனல் கருவிகள் பெரும்பாலும் யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடாது, தனி அடாப்டர் வேண்டும். மின்தடை வந்தால் மடிக்கணினி நிற்காது, இன்டர்ஃபேஸ் நின்றுவிடும். எனவே அதை யூபிஎஸ்ஸில் போடுங்கள். 'ம்ம்' என்ற ஹம் கேட்டால் முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கலாம். எர்த் பின்னை மட்டும் எக்காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும் என்பதால் கோடையில் விடிகாலைப் பதிவுதான் வசதி.

கலைஞர்கள் வருவதற்கு முந்தின நாள் மாலை, வீட்டில் ஒருவரை உதவிக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒவ்வொரு மைக்கின் முன்னும் நின்று சேனல் எண்ணைச் சொல்லிக் கை தட்டட்டும். நீங்கள் நான்கு ஹெட்ஃபோன்களையும் ஒவ்வொன்றாக மாட்டி, எந்த மைக் எந்தக் காதில் எந்த அளவில் வருகிறது என்று தாளில் குறியுங்கள். பிறகு தம்பூராவை மட்டும் அரை மணி நேரம் ஓடவிட்டு எல்லாச் சேனல்களையும் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவில் எங்கேனும் வெடிப்பு விழுந்திருந்தால் பஃபரை ஒரு படி கூட்டி, திரும்ப அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.